சிங்கத்தின் வாய்த் தண்ணீர்

அல்மேரியா துறைமுகப் பட்டினத்தில் பெண் பேசி முடிப்பதும் வெண்கலச் சாமான் விற்றுக் கொடுப்பதும் என் தொழில். இரண்டிலும் பளபளப்பைக் காட்டி ஓட்டையை மறைக்கத் தெரிய வேண்டும்.

அன்று பிற்பகல் பட்டு வியாபாரி முதர்ரிஃபின் வீட்டுக்குப் போனது பெண் விஷயமாக. துறைமுக அதிகாரி முன்திர் தன் மகனுக்கு, முதர்ரிஃபின் மகள் நுஸ்ஹாவைக் கேட்டு விருந்துக்கு வருகிறார். துர்ச்சகுனம் பிடித்த வீடென்று இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அவளுக்கு வேறு வரன் இல்லை.

கூடத்தில் புது வெண்கலச் சிங்கம். கழுத்துத் துளையில் நீர் நிரப்பிச் சாய்த்தால் வாய்வழியே விழும், விருந்தாளிகள் கைகழுவ.

"அஸ்பக் வார்த்ததா காக்கா?" என்றேன். அண்ணன் முறைக்கு முதர்ரிஃபை அப்படித்தான் கூப்பிடுவேன்.

"அவனேதான். அச்சு இன்னும் ஈரம், பொறுங்கன்னு அழுதான். விருந்து பொறுக்குமா? ஊத்துடான்னேன்."

ஈர அச்சில் வெண்கலம் வெடித்து, இரு கைகளும் வெந்து வார்ப்புக்காரன் அஸ்பக் செத்தது ஊரறிந்த கதை.

"ஆளு போனா என்ன, சிங்கத்துல ஒரு கீறல் இருக்கா பாரு!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தரகனுக்கு வேறென்ன வழி?

கிணற்று நீரை நானே ஊற்றினேன். பல் கூசும் குளிர்ச்சி.

சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்காரர்தான் முதலில் கைகழுவ வேண்டும், விருந்தாளி கூச்சப்படாமலிருக்க. சாப்பிட்டபின் அவர்தான் கடைசி.

முன்திர் வந்து அமர்ந்தார். பணிப்பெண் சிங்கத்தைச் சாய்த்தாள்.

முதர்ரிஃபின் கையிலிருந்து ஆவி எழுந்து சாம்பிராணிப் புகையில் கலந்தது.

தோல் வழிந்தது.

துண்டோடு பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் வெந்த சதையின் வாடை வந்தது. அலறினால் சம்பந்தம் போச்சு. அவர் பல்லைக் காட்டினார். சிரிப்பென்று எல்லாரும் நினைத்தார்கள்.

அடுத்து முன்திர் கைநீட்டினார்.

"அடடா! பனிக்கட்டி மாதிரி இருக்கே!"

வெந்த விரல்களை ரொட்டியால் மறைத்துக்கொண்டு முதர்ரிஃப் விருந்தாளிக்குக் கறி பிய்த்து வைத்தார். சாப்பாடு முடிந்தது. எல்லாரும் கழுவினார்கள்.

கடைசியில் அவர்.

"வேணாம் காக்கா," என்றேன் காதோரம்.

"கழுவலன்னா என்ன நெனைப்பாங்க? சாய்க்கச் சொல்லு."

இம்முறை எலும்பு தெரிந்தது.

"பொண்ணு எங்களுக்குச் சம்மதம்," என்றார் முன்திர். "அந்தச் சிங்கமும் அவளோட வரட்டும் சம்பந்தி. என் மவன் பந்தி வைக்காத நாளில்ல."

திரைக்குப் பின்னே நுஸ்ஹாவின் வளையல்கள் மகிழ்ந்து குலுங்கின. முதர்ரிஃப் என்னைப் பார்த்தார். பிறகு கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார்.

"தாராளமா," என்றார்.

நிக்காஹ் முடிந்து சீர் அனுப்பிய காலையில் நானே சிங்கத்தைக் கவிழ்த்துத் துடைத்து, வெயிலில் காயவைத்து, கம்பளியில் சுற்றி மாப்பிள்ளை வீட்டுக் கழுதைமேல் கட்டினேன். தெருமுனையில் கழுதை அலறியது.

கம்பளியை விலக்கினேன்.

காய்ந்த வெண்கல வாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கழுதையின் முதுகில் சொட்டு விழுந்த இடமெல்லாம் மயிர் உதிர்ந்து தோல் கொப்பளித்திருந்தது.

"என்னய்யா நிக்கிற?" முன்னால் குதிரையிலிருந்து மாப்பிள்ளை கூவினார். "மத்தியானமே விருந்தாளிங்க வர்றாங்க. சிங்கத்தை எறக்கி வைக்கணும்ல?"

கம்பளியை மூடிக் கழுதையைத் தட்டினேன்.

உள்ளே இன்னும் சொட்டியது.