ஏழாம் அத்தியாயம் வேண்டாம்!

கைபேசி அலறியது.

ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு பத்து.

வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எட்டு மாடி ஃப்ளாட். ஆறாம் மாடியில், முழுகுவதற்காகத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த சுபோதினி, எண்ணெய்க் கையோடு கைபேசியை எடுத்தாள்.

நிக்கலஸ்! கொட்டாஞ்சேனை அச்சகக்காரர்.

"குட் மோர்னிங் மிஸ். புத்தகமெல்லாம் பத்திரமா வந்து சேர்ந்திச்சா?"

"எந்தப் புத்தகம்?"

"என்னா மிஸ், பகிடியா? உங்க புத்தகந்தான்! முந்நூறு பிரதியும் நேத்து அஞ்சு மணிக்கு லொறியில ஏத்தி அனுப்பினேனே!"

சுபோதினியின் கையில் எண்ணெய் சில்லிட்டது.

"இண்டைக்குப் பத்து மணிக்கு நானே வந்து எடுக்கிறன் எண்டெல்லோ சொன்னனான்?"

"லொறிக்காரன் உங்க கடிதம் கொண்டாந்தான் மிஸ். கீழ உங்க கையெழுத்து. 'புத்தகத்த குடுத்து விடுங்க. கம்ப்யூட்டர்ல உள்ளதையும் அழிச்சிருங்க, யாராச்சும் களவா அடிச்சி விப்பாங்க'ன்னு எழுதியிருந்தீங்க."

"நீங்கள்... அழிச்சிட்டீங்களா?"

"அப்பவே அழிச்சிட்டேன் மிஸ்!"

பெருமையாகச் சொன்னார் நிக்கலஸ். சொன்ன வேலையைச் சொன்னபடி அவர் செய்து முடித்தது அவருடைய முப்பது வருட அச்சுத் தொழிலில் அதுதான் முதல் தடவை!

"ஐயோ... நான் கடிதமே குடுத்து விடேல்லை!"

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்து உடைந்தது.

சுபோதினி உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிற டியூஷன் டீச்சர். ஆறு வருடம் பாடுபட்டு ஒரு புத்தகம் எழுதியிருந்தாள். 'ஆட்சிமுறைகளை அறிவோம்'. முதல் புத்தகம். மன்னராட்சி, மக்களாட்சி, சர்வாதிகாரம் என்று உலகத்தில் மனிதன் மனிதனை ஆண்ட அத்தனை வழிகளும் இருநூற்றுப் பத்துப் பக்கங்களில்.

இன்று மாலை நாலரைக்கு வெளியீட்டு விழா!

லாப்டாப்... லாப்டாப்பில் இருக்கிறதே!

அறைக்குள் ஓடினாள். பையை இழுத்துத் திறந்தாள்.

உள்ளே...

இரண்டு பழைய டெலிபோன் டிரெக்டரிகள்!

"தனா...!"

அவள் போட்ட கூச்சலில் கணவன் தனஞ்சயன் சவரம் செய்த பாதி முகத்தோடு ஓடிவந்தான். பின்னாலேயே மாமனார் சண்முகலிங்கம். அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். பதினொரு வருடமாக ஃப்ளாட் கமிட்டியின் தலைவர்; தண்ணீர் மோட்டரும் படிக்கட்டு வெளிச்சமும் அவர் பொறுப்பு. ஒரு கையில் விரித்த பத்திரிகை; மறு கை அதன் பின்னால்.

"என்ன பிள்ளை? என்ன நடந்தது?"

அவள் வாய் திறப்பதற்குள் கைபேசி சிணுங்கியது. தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு மெசேஜ்.

'விழாவை நிறுத்து. ஏழாம் அத்தியாயம் வெளியே வந்தால் உன் வீட்டில் ஒரு சாவு நிச்சயம்!'

தனஞ்சயனின் முகத்தில் நுரை இல்லாத பாதியும் வெளுத்தது.

"ஏழாம் அத்தியாயத்தில என்ன எழுதினனீர், சுபோ?"

"சர்வாதிகாரம்..."

"கடவுளே! இந்த நாட்டில இருந்துகொண்டு ஏன் உமக்கு இந்த வேலை? சமையல் புத்தகம் எழுதியிருக்கலாமே!"

"ஒருத்தற்ற பேரும் நான் எழுதேல்லை, தனா! ஒரு கட்சியைப் பற்றியும் எழுதேல்லை!"

"பேர் எழுதாட்டித்தான் எல்லாருக்கும் கோவம் வரும்."

மாமனார் அவள் தலையில் கை வைத்தார்.

"பிள்ளை, உயிர்தான் முக்கியம். விழாவை ஒத்திவைப்பம். அழைப்பிதழ் குடுத்த ஆக்களின்ர லிஸ்டைத் தாரும். ஒவ்வொருத்தருக்கும் நானே போன் பண்ணிச் சொல்லுறன். நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும்."

அந்த அன்பில் சுபோதினிக்குக் கண் கலங்கியது. லிஸ்டைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தலையில் எண்ணெயோடேயே பொலிஸுக்குப் புறப்பட்டாள்.

பொலிஸ் நிலையத்தின் வாசல் மேசையில் ஒரு கான்ஸ்டபிள். "மொகக்த பொத?" என்று, என்ன புத்தகம் எனச் சிங்களத்தில் விசாரித்தார்.

"தேசபாலன..." என்றாள் அவள்.

அரசியல் என்ற சொல் காதில் விழுந்ததும் கான்ஸ்டபிள் எழும்பி நின்றார். நாலு மணித்தியாலம் அவளை இருக்க வைத்தார். புத்தகம் பறிகொடுத்தவள் அவள். ஆனால் அடையாள அட்டையை அவளிடமிருந்துதான் வாங்கி வைத்துக்கொண்டார்கள். புத்தகத்தில் அப்படி என்ன எழுதியிருக்கிறது, ஒரு பிரதியைக் காட்டு என்று கேட்டார்கள்.

அந்த ஒரு பிரதிதானே இல்லை!

எங்கே போய்ச் சொல்வது? யாரிடம் அழுவது? ஆறு வருடம்... ஒரு கடிதத்தில் துடைத்துப் போட்டுவிட்டான் எவனோ! சுபோதினி மர வாங்கில் உட்கார்ந்து விரல்களைப் பிசைந்தாள்.

பதினொரு மணிக்கு வந்தார் சப் இன்ஸ்பெக்டர் சப்ரி. தமிழில் பேசினார்; 'என்ன' என்பது அவர் வாயில் 'எனத்த', 'இருக்கு' என்பது 'ஈக்கு'. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

"இருங்க மிஸ். மொதல்ல ஒண்டு சொல்லுங்க. ஏழாம் அத்தியாயத்தில எனத்த ஈக்கு எண்டு களவெடுத்தவனுக்குத் தெரிஞ்சி ஈக்கு. அப்ப அவன் புத்தகத்த வாசிச்சவன். அச்சுக்குப் போக முந்தி யார் யார் வாசிச்ச?"

"அஞ்சு பேர் அணிந்துரையும் வாழ்த்துரையும் எழுதினவை, சேர். அவைக்கு மட்டுந்தான் ஒரே கொப்பியை மாறி மாறிக் குடுத்தனான். வீட்டில இருந்த அந்தக் கொப்பியையும் இப்ப காணேல்லை."

"ஒவ்வொருத்தருக்கும் கோல் போட்டுக் குடுங்க. ஸ்பீக்கர்ல."

முதலில் பேராசிரியர். விழாவுக்குத் தலைமை தாங்க இருந்தவர். 'வரிக்கு வரி வாசித்து வியந்தேன்' என்று நான்கு பக்கம் எழுதியிருந்தவர்.

"சேர், ஏழாம் அத்தியாயத்தைப் பற்றி ஒரு சின்னக் கேள்வி..." என்றாள் சுபோதினி.

"ஆ... ஏழாவது! மிக ஆழமான அத்தியாயம், பிள்ளை. ஆழமான அத்தியாயம்."

சப்ரி குறுக்கிட்டார். "எனத்தப் பத்தின அத்தியாயம் சேர்?"

"தம்பி, உங்கட குரல் கேக்கேல்லை..."

"ஹலோ?"

"லைன் கிளியர் இல்லை!"

துண்டித்துவிட்டார்.

அடுத்தவர் ஓய்வு பெற்ற அதிபர். "ஏழா? புத்தகத்தில மொத்தம் அஞ்சு அத்தியாயம்தானே?" என்று கேட்டார். மூன்றாமவர், அது தேர்தலைப் பற்றியது என்று அடித்துச் சொன்னார். மற்ற இருவரும் போனையே எடுக்கவில்லை.

சப்ரி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மிஸ், சந்தேகப்பட ஒரு ஆளும் இல்ல. இந்தப் புத்தகத்த ஒருத்தரும் வாசிக்கவே இல்ல!"

சுபோதினிக்குச் சுரீரென்றது. புத்தகம் களவு போனதைவிட இதுதான் அதிகம் வலித்தது.

கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. முதற்பிரதி வாங்க இருந்த நகைக்கடை முதலாளிக்குத் திடீரென்று இரத்தத்தில் சீனி கூடிவிட்டதாம். பேராசிரியருக்குத் திடீர்க் காய்ச்சல். மிரட்டலைப் பற்றி மாமா எல்லோருக்கும் ஒழுங்காகவே சொல்லியிருக்கிறார்!

அப்போது நிக்கலஸ் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். கையில் அந்தக் கடிதம்.

"கோவிக்காதீங்க மிஸ். டைப் அடிச்ச கடிதம். கையெழுத்த பார்த்தேன், நம்பிட்டேன்."

சப்ரி அவளுடைய முறைப்பாட்டை எழுதிய தாளை முன்னால் தள்ளினார்.

"இதில சைன் வைங்க மிஸ்."

வைத்தாள். நேரான, அழகான டீச்சர் கையொப்பம்.

அதைக் கடிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் சப்ரி. கடிதத்தில் இருந்தது கோணல்மாணலாக இடப்பக்கம் சாய்ந்து, முதல் எழுத்து உடைந்து கிடந்தது.

"கள்ளன் ஒங்கட கையெழுத்தப் பார்க்காமலே போட்டீக்கான்."

"இல்லை, சேர்!"

சுபோதினி கடிதத்தைப் பறித்தாள். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது என்ர கையெழுத்துத்தான்! நாலு வருசத்துக்கு முந்தி விழுந்து வலக்கை முறிஞ்சது. பிளாஸ்டர் போட்டிருந்த நேரம் இடக்கையால வைச்சது. பாங்கில கூட இதை ஏற்கேல்லை, கை சுகமானாப் பிறகு வாங்கோ எண்டு திருப்பி அனுப்பினவை. இதை ஏற்றுக்கொண்டது ஒரே ஒரு இடத்திலதான்..."

"எங்க?"

சுபோதினி கடிதத்தை மெல்ல மேசையில் வைத்தாள்.

"மிஸ், எங்க?"

"எங்கட ஃப்ளாட்டில... கமிட்டிப் புத்தகத்தில."

இரண்டரை மணி. ஆறாம் மாடி.

சண்முகலிங்கம் போனும் கையுமாக இருந்தார். நூற்றிருபது பேருடைய லிஸ்டில் கடைசிப் பெயருக்கு நேரே சரி போட்டுக்கொண்டிருந்தார்.

"கமிட்டிக் கூட்டக் குறிப்புப் புத்தகம் வேணும், அங்கிள்," என்றார் சப்ரி.

"அது... அலுமாரித் திறப்பைக் காணேல்லை..."

"மாமா, உங்கட இடுப்பில கிடக்குது," என்றாள் சுபோதினி, சாவிக்கொத்தைக் காட்டி.

குறிப்புப் புத்தகம் மேசைக்கு வந்தது. சப்ரி புரட்டினார். தை மாதக் கூட்டம். மாசி மாதக் கூட்டம். பங்குனி... நாலு வருடத்தில் நாற்பத்தேழு கூட்டங்கள்! ஒவ்வொன்றிலும் 'தலைவர் ஏகமனதாக மீண்டும் தெரிவானார்' என்று ஒரு வரி. ஒவ்வொன்றின் கீழும் அந்தக் கோணல் கையொப்பம்.

"நாலு வருஷமா ஒங்கட கை ஒடைஞ்சா ஈக்கு, மிஸ்?"

"நான் ஒருக்காத்தான் வைச்சனான், சேர். அதுக்குப் பிறகு இஞ்ச ஒரு கூட்டமும் நடந்ததேயில்லை!"

தனஞ்சயன் அப்பாவைப் பார்த்தான்.

"அப்பா...?"

கிழவர் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

"புத்தகங்கள் மொட்டை மாடியில மோட்டர் ரூமில இருக்குது. லாப்டாப்பும் அங்கதான். அவள் வகுப்புக்குப் போயிருக்கேக்க ஏத்திவிச்சனான். மோட்டர் சாமான் எண்டு வாச்சருக்குச் சொன்னனான்."

"மாமா... ஏன் மாமா? நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

"என்ன செய்தனீரோ?"

சண்முகலிங்கம் பாய்ந்து எழும்பினார்.

"நூற்றி நாற்பத்தி மூண்டாம் பக்கம்! நீர் சாப்பாட்டு மேசையில போட்டிருந்த கொப்பியை மூண்டு நாள் இருந்து முழுக்க வாசிச்சனான். 'அந்தத் தீவில் தண்ணீரும் வெளிச்சமும் கதவுத் திறப்பும் ஒருவர் கையில் இருந்தன. தேர்தல் நடப்பதில்லை. ஆனாலும் மக்கள் எல்லோரும் ஒப்பமிட்டதாக அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது.' வாசிக்கிறவன் என்ன நினைப்பான்? லிஃப்டில என்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டாங்களோ? பதினொரு வருசம் இந்த ஃப்ளாட்டுக்காக உழைச்ச நான் சர்வாதிகாரியோ?"

"அப்ப அந்த மெசேஜ்? வீட்டில ஒரு சாவு எண்டது?" சப்ரி கேட்டார்.

"வேற சிம் போட்டுப் பத்திரிகைக்குப் பின்னால வைச்சு, என்ர சாவைத்தான் தம்பி சொன்னனான்! மானம் போனாப் பிறகு நான் இருப்பனோ?"

சுபோதினி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"மாமா... அது பிள்ளையளுக்கு விளங்கட்டும் எண்டு நான் சும்மா உருவாக்கின தீவு. நீங்கள் கள்ள ஒப்பம் வைக்கிற கதை எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். உங்களை நான் நினைச்சே பார்க்கேல்லை!"

"என்ன... என்னைப் பற்றி இல்லையோ?"

"இல்லை!"

சண்முகலிங்கம் குறிப்புப் புத்தகத்தை அவசரமாக மூடினார். நாலு வருட இரகசியத்தைப் பொலிஸுக்கு முன்னால் தன் வாயாலேயே விளக்கிச் சொல்லி முடித்திருந்தார் மனிதர்!

"கேஸ் எழுதவா, மிஸ்?" சப்ரி பேனையைத் திறந்தார். "களவு. கள்ளக் கையெழுத்து. மிரட்டல்."

சுபோதினி கணவனைப் பார்த்தாள். தனஞ்சயன் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கடலைப் பார்த்தால், அதற்கு மேல் ஒரு சொல்லும் வராது. அவளுக்குத் தெரியும்.

என்ன செய்வாள்? நாளைக் காலையும் இதே வீட்டில், இதே மனிதருக்கு அவள்தான் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். அரசைக் கவிழ்க்க எத்தனை வழி என்று வகுப்பில் விரல் மடித்துச் சொல்கிறவளுக்கு, வீட்டுக்குள் ஒரு வழியும் தெரியவில்லை.

"வேண்டாம், சேர்."

மூன்றரை மணிக்கு மோட்டர் அறையில் பத்துப் பெட்டிகளுக்கு நடுவே நிலத்தில் இருந்தாள். ஒரு பிரதியை எடுத்து அட்டையைத் தடவினாள். தன் பெயர்! ஆறு வருடமாகப் பார்க்க ஏங்கிய எழுத்துகள். இப்போது பார்க்க, கண் மறைத்தது. அழுதாள். எண்ணெய்த் தலையோடு, புழுதியில் இருந்து, விக்கி விக்கி அழுதாள்.

கூட வந்திருந்த நிக்கலஸ் ஒரு பெட்டியைத் தூக்கினார். "இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு மிஸ். நான் மண்டபத்துக்குக் கொண்டு போறேன்."

"ஆருக்கு, நிக்கலஸ்? நூற்றிருபது பேருக்கும் வரவேண்டாம் எண்டு சொல்லியாச்சு. தலைமை இல்லை. பேச ஆளில்லை. முதற்பிரதி வாங்கக் கூட ஒருத்தரும் இல்லை..."

வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற சண்முகலிங்கத்தை சப்ரி தோளில் பிடித்து முன்னால் தள்ளினார்.

"ஏன் இல்ல? அங்கிளுக்கே குடுங்க மிஸ்... இந்தக் கொழும்பிலயே ஒங்கட புத்தகத்த முழுசா வாசிச்ச ஒரே மனிசன் இவர்தானே!"