மஞ்சள் இழையில் ரத்தம்

"ஆ... ஆ... ஆ!"

யாய்ரா போட்ட அலறலில், டெமா நகர மருந்துத் தொழிற்சாலையின் கேண்டீனே எழுந்து ஓடி வந்தது. பாதிப் பேர் கையில் சோள மாவுக் கென்கே உருண்டை!

உருக்கும் கூடத்தின் தரையில் தலைமை வேதியியலாளர் குவார்ட்டே. பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் துடைத்து வைத்த ஸ்பானர்.

உயிர் இல்லை!

ஒன்றரை மணிக்கு இன்ஸ்பெக்டர் அடோலே ஜீப்பிலிருந்து குதித்தாள். சார்ஜெண்ட் புகாரி விறைப்பாக சல்யூட் அடித்தான்.

"கேஸ் முடிஞ்சுது மேடம்! ஆளைப் பிடிச்சாச்சு!"

போர்க்லிப்ட் டிரைவர் எடெம், விலங்கோடு விசும்பிக் கொண்டிருந்தான்.

"காலையில குவார்ட்டேயைப் பாத்து 'மண்டையைப் பொளந்துடுவேன்'னு கத்தியிருக்கான். நாப்பது சாட்சி!"

"எல்லார் முன்னாடியும் கழுதைன்னாரு மேடம்... கோவத்துல ஒரு வார்த்தை விட்டுட்டேன். சனிக்கிழமை எனக்குக் கல்யாணம்!"

"இன்னிக்கு வியாழன். அழுகையை நிறுத்து, நான் யோசிக்கணும்."

அடோலே மெஷினைச் சுற்றி வந்தாள். நீளமான இரும்புக் குழாய். உள்ளே இரட்டைத் திருகு.

"இது என்ன பண்ணும் யாய்ரா? நீதானே ஆபரேட்டர்?"

"மலேரியா மருந்துப் பொடியையும் பாலிமர் பொடியையும் கொட்டுவோம் மேடம். உருகிக் கலந்து மஞ்சள் இழையா வரும். ஆறினதும் பொடிச்சு மாத்திரை போடுவோம். தண்ணி கிடையாது, ஸ்பிரிட் கிடையாது. வெறும் சூடுதான்."

"நிறுத்தணும்னா?"

"சட்டுனு நிறுத்தவே கூடாது! வெறும் பாலிமரை ஓட்டி, உள்ள இருக்கறதை வெளிய தள்ளணும். அது வெள்ளையா வரும். இல்லாட்டி இருபது நிமிஷத்துல கண்ணாடி மாதிரி இறுகிடும். அப்புறம் ரெண்டு நாள் உளியால கொத்தணும்!"

"நீ சாப்பிடப் போனப்ப?"

"ஓடிட்டிருந்துச்சு. 'நீ போ, நான் பாத்துக்கறேன்'னாரு குவார்ட்டே சார். அவருக்கு லேப் தெரியும், மெஷினை நிறுத்தத் தெரியாது. திரும்பி வந்தா... மெஷினும் நின்னிருக்கு, அவரும்..."

அடோலே குனிந்தாள். இழை விழும் தட்டில் மஞ்சள் சுருள். அதன் மேல் ரத்தத் துளிகள். அதற்கும் மேலே...

வெள்ளைச் சுருள்!

"புகாரி! மஞ்சள்ல ரத்தம். மேல விழுந்த வெள்ளைல ஒரு பொட்டு கூட இல்லே. என்ன அர்த்தம்?"

"டிசைனா மேடம்?"

"உன் தலை! கொன்னு போட்டுட்டு, நிதானமா நின்னு மெஷினைச் சுத்தம் பண்ணியிருக்கான். போர்க்லிப்ட் ஓட்டறவனுக்கு அது தெரியுமாய்யா?"

எல்லார் கண்ணும் யாய்ரா மேல் திரும்பியது.

"ஐயோ, நான் கேண்டீன்ல இருந்தேன்!"

"தெரியும்மா. உனக்கும் அதே நாப்பது சாட்சி."

கோட்டும் டையுமாக நுழைந்தார் டைரக்டர் ஒஃபோசு.

"டிரைவரைக் கூட்டிட்டுப் போங்க இன்ஸ்பெக்டர். உற்பத்தி கெடுது. மெஷின் பத்தி என்னைக் கேட்காதீங்க... நான் ஆபீஸ் ஆளு. எந்தப் பட்டன் எதுக்குன்னு கூடத் தெரியாது."

"அப்படியா சார்?"

அடோலே யாய்ராவின் காதில் ஏதோ சொன்னாள்.

உடலை அனுப்பி, தடயங்களை அள்ளி முடிக்கும்போது மணி மூன்றரை. மெஷின் சூடேறி மறுபடி ஓடியது. மஞ்சள் இழை வழிந்தது. சுற்றிலும் அத்தனை பேரும் நின்றார்கள்.

அடோலே சிவப்பு பட்டனில் ஓங்கிக் குத்தினாள்.

டப்!

மெஷின் நின்றது. யாய்ரா கையைக் கட்டிக் கொண்டாள்.

ஒரு நிமிடம்... மூன்று... ஐந்து...

ஒஃபோசுவின் கழுத்தில் வியர்வை. பார்வை பட்டனுக்கும் தட்டுக்கும் ஓடியது.

"ஏம்மா! என்ன வேடிக்கை பாக்கறே?"

"இன்ஸ்பெக்டர் தொடக் கூடாதுன்னுட்டாங்க சார்."

"இறுகிடும்டி!"

கோட்டை வீசி எறிந்தார். பாய்ந்தார்! ஸ்விட்ச், வேகம், வெள்ளைப் பொடி... கண் பார்க்காமலே கை பறந்தது. திருகு சுழன்றது. மஞ்சள் வெளுத்து வெளுத்து... பால் வெள்ளை!

ஒஃபோசு நிம்மதியாக மூச்சு விட்டார். திரும்பினார்.

க்ளிக்!

எடெமின் கையிலிருந்த விலங்கு, அவர் கையில்!

"எத்தனை வருஷ ஆபரேட்டர் சார் நீங்க?"

"குமாசியில... பதினாறு வருஷம்." விலங்கைப் பார்த்தார். "உற்பத்தி கூடணும்னு நான்தான் சூட்டை ஏத்த வெச்சேன். மருந்து கருகிடுச்சு. குழந்தைங்க மாத்திரை, கையெழுத்துப் போட மாட்டேன், மேலிடத்துக்கு எழுதுவேன்னான் குவார்ட்டே. கையில ஸ்பானர் இருந்துச்சு..."

"அடிச்சதும் ஓடியிருக்கலாமே?"

"மெஷின் ஓடிட்டிருந்துச்சே மேடம்! எப்படி விட்டுட்டுப் போறது?"

எடெம் விட்டால் போதும் என்று வாசலைப் பார்த்து ஓடினான்.

ஒஃபோசுவை ஏற்ற ஜீப்பின் முன் கதவைத் திறந்த புகாரியை அடோலே தடுத்தாள்.

"பின்னாடி ஏத்துய்யா. நம்ம ஜீப் இருக்கிற லட்சணத்துக்கு... ஸ்டேஷன் போய்ச் சேர்றதுக்குள்ள எஞ்சினைக் கழட்டித் துடைச்சுடுவாரு!"