நாலில் ஒரு பங்கு

செல்வக்கனியின் சுண்டுவிரல் நடுங்கியது. கண்ணாடிக்கு வெளியே, தரையிலிருந்து நாலு மாடி உயரத்தில், சரக்கு நிரம்பிய கண்டெய்னர் ஒன்று ஊசலாடியது.

"யக்கா! பிடிங்க! பிடிங்க!" காதுக்குள் யாரோ அலறினார்கள்.

தூத்துக்குடி வெளித்துறைமுகத்தில் கிரேன் மேல் ஏறி உட்காரும் காலம் மலையேறிவிட்டது. ஏசி அறையில் உட்கார்ந்து தொலைக்கரம் என்ற கையுறையை மாட்டிக்கொண்டால் போதும். உள்ளே மனிதக் கை எப்படி அசைகிறதோ அப்படியே வெளியே இரும்புக் கை அசையும். மனிதக் கை நடுங்கினால் இரும்பும் நடுங்கும். கீழே நின்றவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு சிதறி ஓடினார்கள்.

பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, பெட்டியைத் தரையில் வைத்தாள். வைத்தாள் என்றா சொல்வது? போட்டாள். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மணிக்கட்டைப் பார்த்தாள். மூன்று வருடமாகப் பச்சையாகவே இருந்த வேட்கைமானி ஆரஞ்சு நிறத்தில் துடித்தது.

அவளுக்கு இப்போது, இந்த நொடியே, ஒரு சிகரெட் வேண்டும்.

மேற்பார்வையாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்னம்மா இது? கீழ நாலு குடும்பம் தாலியறுத்திருக்கும்."

"சாரி சார். திடீர்னு..."

"நாளைக் காலையில கேட்டுல மானியைக் காட்டணும். பச்சை இல்லேன்னா லைசென்ஸ் காலி. என்கிட்ட கெஞ்சி ஒண்ணும் ஆகப்போறதில்ல. அது மெஷினு, அதுக்குக் காதே கிடையாது."

செல்வக்கனி ஸ்கூட்டரை எடுத்தபோது மானியின் ஓரத்தில் ஒரு பெயர் மின்னியது. மிக்கேல். வேட்கை அங்கேயிருந்துதான் வருகிறது.

புகையை விட நினைத்தவர்களை நாலு நாலு பேராகச் சேர்த்து, காதுக்குப் பின்னால் பருப்பளவு சில்லு ஒன்றைப் பதித்தது அரசு. அதன் பெயர் பகிர்வி. ஒருவருக்கு எழும் வேட்கையை அது நாலாகப் பிரித்து நாலு மண்டைக்கும் அனுப்பிவிடும். முழு வேட்கைதான் ஆளை வீழ்த்தும். நாலில் ஒரு பங்கை எவரும் தாங்குவார். கூடவே ஒரு கடமையும் உண்டு. அணியில் ஒருவருக்கு மானி ஏறினால், மற்ற மூவரும் எங்கே இருந்தாலும் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். பேச வேண்டும். கையைப் பிடிக்க வேண்டும். அந்தக் கை சிகரெட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரேஸ்புரத்தில் மிக்கேல் வீட்டு வாசலில் மற்ற இருவரும் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். பஸ் ஓட்டும் இசக்கிராஜுக்குச் சட்டை நனைந்திருந்தது. ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் சாம்சன் வழக்கம்போல் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்திருந்தார். வாயில் இனிப்பு இருந்தால் வேறு எதுவும் நுழையாது என்பது அவர் கண்ட வைத்தியம்.

"வெறி பிடிக்குதுக்கா" என்றான் இசக்கிராஜ். "டிக்கெட் குடுக்கிற மெஷினைச் செவுட்டுல ஒண்ணு விட்டேன். அது என்னடான்னா, 'நன்றி, மீண்டும் வருக'ங்குது."

மூவரும் உள்ளே போனார்கள்.

படகு எஞ்சின் மெக்கானிக் மிக்கேல் கட்டிலில் குறுகி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டு. துண்டெல்லாம் வேர்வை.

"ஏலே மிக்கேலு, தலையை நிமித்து!" சாம்சனின் குரல் இன்னும் மைதானத்தில்தான் இருந்தது. "மூணு வருசம் ஜெயிச்சவன்லே நீ. மாவட்டத்திலயே முதல் அணி நாமதான். ஒரு நாள் தாங்க முடியாதா? மூச்சை இழு. விடு. இழு..."

"வாத்தியாரே, கொஞ்சம் சத்தம் போடாம இரும். நான் நேத்துதான் விட்டேன்."

"எதை?"

"சிகரெட்டை."

இசக்கிராஜ் சிரிக்கப் பார்த்தான். மிக்கேலின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியிலேயே நின்றது.

"மொத வாரமே தோத்துட்டேம்பா. மானி சிவப்பாகும், மானம் போகும்னு பயந்துக்கிட்டே பத்த வச்சேன். ஆனா பச்சையாயிட்டு. அது வேட்கையைத்தான பாக்கு? குடிச்சவனுக்கு ஏது வேட்கை? நீங்க வேற வாரா வாரம் வந்து கையைக் குலுக்கி மாலை போடாத குறையாப் பாராட்டுதீங்க. எந்த மூஞ்சியை வச்சுச் சொல்ல?"

"அடப்பாவி" என்றார் சாம்சன். "எங்களை ஏமாத்திட்டு..."

"இருங்க சார்." செல்வக்கனி கை காட்டி அவரை நிறுத்தினாள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தினமும் தனக்குள் இறங்கும் அந்த இதம் அவள் நினைவுக்கு வந்தது. தன்னுடைய மன உறுதி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். புதிதாக வந்தவர்களிடம் மேடையேறிப் பேசியும் இருக்கிறாள். "மிக்கேலண்ணே, சாப்பிட்ட உடனே ஒண்ணு குடிப்பீங்களோ?"

"ஆமா தாயி. அது இல்லாம முடியாது."

பகிர்வி வேட்கையை மட்டும் பிரிக்கும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். வேட்கை தீரும் சுகமும் அதே வழியில்தான் போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"அப்ப நாங்க மூணு பேரும்?" என்றான் இசக்கிராஜ் மெதுவாக.

"நீங்களும் விடலப்பா. என் நெஞ்சு வழியாக் குடிச்சிட்டிருந்தீங்க." சொல்லி முடிப்பதற்குள் மிக்கேலுக்கு இருமல் வந்தது. வாயைத் துண்டால் பொத்தினார். துண்டை மடித்து மறைத்த வேகத்திலேயே அதில் என்ன இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "நுரையீரல்ல கட்டி. திங்கக்கிழமை ஆபரேசன். அன்னைக்குக் காலையில ரத்தம் எடுத்துப் பாப்பாங்களாம். புகை தெரிஞ்சா டாக்டர் கத்தி வைக்க மாட்டாரு. அடுத்த தேதி வரைக்கும் கட்டி காத்திருக்காதாம்."

அலை அடித்தது. நாலு பேருக்கும் ஒரே நேரத்தில். இப்போது ஊற்று ஒன்றல்ல. மூன்று வருடம் தூங்கிய வேட்கைகள் எல்லாம் விழித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் நாலாகப் பிரிந்து, நாலு மண்டைக்குள்ளும் ஓடின. மானியில் நாலு பெயர்களும் மின்னின. ஆரஞ்சு கருஞ்சிவப்பை நோக்கி நகர்ந்தது.

"சில்லைக் கழட்டிருவமா?" சாம்சன் காதுக்குப் பின்னால் தடவினார்.

"கழட்டினா மொத்தமும் அண்ணன் ஒத்தைத் தலையில விழும் சார். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பத்த வச்சிருவாரு." தன் லைசென்ஸும் போகும் என்பதை அவள் சொல்லவில்லை.

இசக்கிராஜ் அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தான். எப்போது எழுந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. திரும்பியபோது அவன் கையில் ஒரு சிகரெட் பாக்கெட்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு. திங்கக்கிழமைக்கு இன்னும் நாள் கிடக்கு. ரத்தத்துல நிக்காது."

"கொலைகாரப் பயலே, அதைக் கீழ போடு!" செல்வக்கனி பாய்ந்தாள்.

"நான் சாயங்காலம் அறுபது உசுரை ஏத்திக்கிட்டு ஓட்டணும்க்கா! கையைப் பாருங்க!" அவன் கை முறத்தில் அரிசி போலக் குலுங்கியது.

சாம்சன் தொண்டையைச் செருமினார். மைதானக் குரலே வந்தது, கொஞ்சம் இறங்கி. "மிக்கேலு, பயலு சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. ஒண்ணுல என்ன ஆயிறப் போவுது? நீ தெம்பான ஆளு..."

மிக்கேல் பாக்கெட்டைப் பார்த்தார். வேண்டாம் என்று தலை ஆடியது. கை மட்டும் தன்பாட்டுக்கு நீண்டது.

அந்தக் கையைத்தான் செல்வக்கனி பார்த்துக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து வார்த்தை தானாக வந்தது.

"யாராவது ஒருத்தர் குடிச்சாப் போதும். அது அண்ணனா இருக்கணும்னு இல்ல."

மூவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சுகம்தான பகிர்வியில போவுது? புகை போகாதுல்லா? நம்மள்ல ஒருத்தர் குடிச்சா அண்ணனுக்கு வேட்கை அடங்கும். ரத்தம் சுத்தமா இருக்கும்."

"சரிதான்..." என்றார் சாம்சன். பொட்டலத்து நூலைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். "எனக்கு ஹார்ட்டுல ஸ்டென்ட் வச்சிருக்கும்மா. இல்லேன்னா நானே..."

"என் பொண்டாட்டி வாசல்லயே மோப்பம் பிடிச்சிருவா. பொறந்த வீட்டுக்குப் போயிருவேன்னு சத்தியம் பண்ணியிருக்கா" என்றான் இசக்கிராஜ்.

மிக்கேலின் விரல்கள் பாக்கெட்டைத் தொட்டன.

செல்வக்கனி அதைப் பிடுங்கினாள். ஒன்றை உருவி வாயில் வைத்துப் பற்றவைத்தாள். முதல் இழுப்பில் கண்ணில் நீர் வந்தது. இரண்டாவதில் இருமல். மூன்றாவது, தன் வீட்டுக்குள் நுழைவது போல, தடையில்லாமல் உள்ளே போனது.

மிக்கேலின் தோள்கள் இறங்கின. இசக்கிராஜ் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். சாம்சன் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அவள் மணிக்கட்டில் ஆரஞ்சு வெளுத்து, மஞ்சளாகி, பச்சை வந்து நின்றது. நாளைக் காலை கேட் திறக்கும். இதை யாருக்காகச் செய்தோம் என்று ஒரு கணம் அவளுக்கே புரியவில்லை.

மிக்கேல் கை கூப்பினார். "தாயி, நீ நல்லா இருப்ப."

"திங்கக்கிழமை வரைக்கும்தான்" என்றாள். "ஆபரேசன் முடிஞ்சதும் நிறுத்திருவேன்."



"தையல் ஆற வேண்டாமாம்மா?" சாம்சன் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். "மிக்கேலு தேறி வர ஒரு ஆறு மாசம் ஆவும். அவசரப்படாத. நடுவுல மனசு தளரும், விட்டுரலாமான்னு தோணும். அப்ப ஒரு போன் போடு. எந்த வேளையானாலும் ஓடி வந்துருவோம். நாங்க எதுக்கு இருக்கோம்?"

இசக்கிராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அவன் கையில் நடுக்கமே இல்லை.

"நான் கடை வரைக்கும் போயிட்டு வந்துருதேன்" என்றான். "யக்கா, ஒங்களுக்கு எந்த பிராண்டு?"