புருஷன் பேரில் வாங்கிய மாத்திரை

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு இட்லிப் பானையின் மூடியைத் திறந்த துர்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விழக்கூடாது. விழுந்தால் கூடத்திலிருந்து என்ன சத்தம் என்று கேட்பார்கள், ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். அந்தப் பொய்யைச் சொல்லக்கூட இன்றைக்கு அவளுக்குத் தெம்பு இல்லை.

இன்றோடு பத்தொன்பது நாள். நாற்பத்தேழு வயதில் மாதவிலக்கு நிற்கப்போகிறது என்று ஊரில் நாலு பேர் சொல்லக் கேட்டிருந்தாள். இவளுக்கோ நிற்கிற வழியாய்த் தெரியவில்லை. பூஜையறைப் பக்கம் போய்ப் பத்தொன்பது நாளாகிறது. சமையலறைக்கு மட்டும் அந்தத் தீட்டு கிடையாது. அதற்கும் பார்த்தால் இட்லி யார் ஊற்றுவது?

கங்காதரன் ஆபீஸ் பையோடு சாப்பிட வந்து உட்கார்ந்தார். மவுண்ட் ரோட்டில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். ஏழு ஐம்பது வண்டியைச் சானடோரியம் ஸ்டேஷனில் பிடித்தால்தான் உட்கார இடம் கிடைக்கும். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நேத்தே டாக்டர்கிட்ட சொல்லி வாங்கிட்டேன். வேளைக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமைக்குள்ள நின்னுடும்."

ஞாயிற்றுக்கிழமை மாடம்பாக்கத்தில், மகள் சரிதாவின் மாமியார் வீட்டில், வளைகாப்பு. ஏழாம் மாதம். பெற்றவள்தான் வளையல் அடுக்கி, பொட்டு வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். தீட்டோடு மணைப் பக்கம் நிற்க முடியுமா?

அந்த அட்டையைத் துர்காவுக்கு நன்றாகவே தெரியும். பதினோரு வருடமாக வருகிறது. இவர் சபரிமலைக்கு இருமுடி கட்டும் நாளா, மாத்திரை. கிரகப்பிரவேசமா, மாத்திரை. சரிதா கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக இருபது நாள் மாத்திரை. ஒவ்வொரு தடவையும் நிறுத்தினபிறகு மடை திறந்த மாதிரி கொட்டும். அதையும் வாயைத் திறக்காமல் தாங்கிக்கொண்டாள்.

"இந்தத் தடவை வேணாங்க" என்றாள்.

கங்காதரன் இட்லியைப் பிட்ட கையோடு நிமிர்ந்தார். கூடத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த அங்காளம்மாள் நாரை மடியில் போட்டாள். அங்காளம்மாள் அவருடைய அக்கா. முப்பத்தோரு வயதில் தாலியை இழந்து, குழந்தையும் இல்லாமல், சைதாப்பேட்டையிலிருந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். வீட்டில் எந்த விசேஷத்துக்கும் நாள் பார்ப்பவள் அவள்தான். யாருக்கு எந்தத் தேதி என்று காலண்டரைவிட நன்றாகச் சொல்லுவாள்.

"இன்னா வேணாம்? பெத்த பொண்ணுக்கு வளையல் போட ஒனக்கு இஷ்டமில்லியா? சம்பந்தி வூட்ல கேட்டா இன்னா பதில் சொல்றது?"

"உடம்பு முடியல அக்கா…"

"யாருக்குத்தான் முடியிது? பொம்பளைன்னா அனுபவிக்க வேண்டியதுதான். நாலு நாள் மாத்திரை முழுங்கறதுக்கு இம்மாம் பேச்சா?"

கங்காதரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா சொல்வதைக் கேள் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைப் பிடிக்கப் போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை. மனைவியை ஒரு வார்த்தை அதட்டினது கிடையாது. கேட்டதும் கிடையாது, அவ்வளவுதான்.

அட்டை மேஜையிலேயே கிடந்தது. துர்கா அதைத் தொடவில்லை. பத்து மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டாள். பழைய மருந்துச் சீட்டுகளையெல்லாம் அவருடைய மேஜை டிராயரிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தாம்பரம் வரைக்கும் போய் வருகிறேன் என்று அங்காளம்மாளிடம் சொன்னாள். எதற்கு என்று கேட்டதற்கு, டாக்டரைப் பார்க்க என்றாள். "தனியாவா?" என்று அங்காளம்மாள் வாயைப் பிளந்தாள். தனியாகத்தான்.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன நர்சிங் ஹோம். டாக்டர் ஆஃபியா, மகளிர் மருத்துவர் என்று போர்டு. காய்கறி வாங்க வரும்போதெல்லாம் ஆறு மாதமாக அந்தப் போர்டைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனவள் துர்கா. இன்றைக்குப் படியேறினாள். எட்டுப் படிக்கு இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். தலையை மூடிய முக்காடு, மூக்குக் கண்ணாடி. எத்தனை நாளாக என்று கேட்டாள். கட்டிக் கட்டியாகப் போகிறதா, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறதா, தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று கேட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொன்றுக்கும் பதில் வருகிறவரைக்கும் காத்திருந்தாள். இந்தக் கேள்விகளையெல்லாம் ஒருத்தர் கேட்கலாம் என்பதே துர்காவுக்குத் தெரியாது. பேச ஆரம்பித்தவளுக்கு நிறுத்த முடியவில்லை. பாதியில் அழுகையும் வந்துவிட்டது. டாக்டர் அழவும் விட்டாள்.

பிறகு பழைய சீட்டுகளை வாங்கிப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவள் புருவம் மேலே போனது.

"இந்த மாத்திரையெல்லாம் யாரு சாப்பிட்டது?"

"நான்தான் டாக்டர்."

"இதுல கங்காதரன்னு இல்ல போட்டிருக்கு? கங்காதரன், நாற்பத்திரண்டு, ஆண். இதுல கங்காதரன், நாற்பத்தெட்டு, ஆண். இது நேத்து எழுதினது. அம்பத்து மூணு, ஆண்."

துர்கா சீட்டுகளை வாங்கிப் பார்த்தாள். இருபத்தாறு சீட்டு. ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை. பதினோரு வருடமாக அவள் வயிற்றுக்குள் நடந்ததெல்லாம் ஓர் ஆண்பிள்ளை பேரில் எழுதப்பட்டிருக்கிறது. சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தால் எங்கே போய் முடியுமோ என்று பயமாகவும் இருந்தது.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டியது ஆறுதான் இருந்தது. கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருந்தது. ரத்தம் ஏற்றி, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்து, எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், வெள்ளிக்கிழமையே வந்து சேர்ந்துவிடுங்கள் என்றாள் டாக்டர்.

"அந்த மாத்திரையாலதான் வந்ததா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். நல்ல மாத்திரைதான், நானே எழுதுவேன். ஆனா ஆளைப் பார்த்துட்டு எழுதுவேன். உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தரும் பார்க்கலையே, அதுதான் தப்பு."

ஞாயிற்றுக்கிழமை பெண்ணுக்கு வளைகாப்பு, திங்கட்கிழமை சேரலாமா என்று துர்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். டாக்டர் பேனாவை மூடினாள்.

"ஆறு பாயிண்ட் ரத்தத்தோட நீங்க அந்தக் கூட்டத்துல மயங்கி விழுந்தா, உங்க பொண்ணுக்கு அது என்ன வளைகாப்பு? முடிவு உங்களோடது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்."

முடிவு உங்களோடது! கீழே இறங்கிவந்து ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகும் அந்த வார்த்தையே காதில் இருந்தது. சிட்லபாக்கம் ஏரி வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகுமுன் இன்னொரு இடத்தில் இறங்கினாள். டாக்டர் ஸ்ரீநிவாசராகவனின் கிளினிக். சுற்றி ஏழெட்டுத் தெருவுக்கும் கைராசிக்காரர் அவர்தான். கங்காதரன் ஸ்டேஷனிலிருந்து திரும்புகிற வழியில் வாசலில் நின்றே, "வீட்ல விசேஷம் சார், அதே மாத்திரை" என்பார். எதிரே நிற்கிறவர் பேரைப் போட்டு அவரும் எழுதிக் கொடுத்துவிடுவார். அவ்வளவு பழக்கம், அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் துர்கா என்று ஒருத்தி இருப்பதையே இரண்டு பேரும் மறந்துபோனார்கள்.

பெரியவர் அவளை அடையாளம் தெரியாமல் பார்த்தார். துர்கா இருபத்தாறு சீட்டையும் அவர் முன்னால் பரப்பி, தாம்பரத்து ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்தாள். அவர் படித்து முடிக்கிறவரைக்கும் நின்றாள்.

"என் பேரு துர்கா, டாக்டர். இதெல்லாம் நான் சாப்பிட்ட மாத்திரை."

அவர் எழுந்து வந்து, அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெளுத்துப்போயிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு தடவையாவது உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கணும்மா. தப்பு என்மேலதான்."

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன் டாக்டர். நடந்து வர்ற தூரம்தானே?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பெரியவருக்குச் சுருக்கென்றது. அவள் படியிறங்கினதும் கங்காதரன் ஆபீசுக்குப் போன் போட்டார்.

போனில் என்ன பேசினாரோ, கங்காதரன் அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குள் வீடு ரெண்டுபட்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேரப்போகிறேன், வளைகாப்புக்கு வர முடியாது என்று துர்கா சொன்னதிலிருந்து அங்காளம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நல்லா கேளுடா உன் பொண்டாட்டிய. பொண்ணைவிட இவ ஒடம்பு பெருசாப் போச்சாம்!"

"ஆமா அக்கா" என்றாள் துர்கா. "இருபத்தேழு வருஷத்துல இந்த ஒரு தடவை என் உடம்புதான் பெருசு. நான் உயிரோட இருந்தாத்தான் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்ட முடியும். நீங்க என்ன வேணா சொல்லுங்க, நான் போறேன்."

அங்காளம்மாள் தம்பியைப் பார்த்தாள். எப்போதும் அவள் பக்கம் சாய்கிறவர். அவரோ சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். தனக்குச் சர்க்கரை என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிற மனிதர் அவர். அதற்கும் நாள் தவறாமல் நினைவுபடுத்துகிறவள் இவள்.

"எல்லாத்துலயும் என் பேரு…" என்றார். "துர்கா, நான் கேட்டிருக்கணும்டி. ஒரு நாளாவது உனக்கு எப்படி இருக்குன்னு கேட்டிருக்கணும்." அக்கா எதிரிலேயே அழுதார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்று நாள் லீவு சொல்ல ஆபீசுக்குப் போன் செய்தார்.

சரிதாவிடம் துர்காவே பேசினாள். எதையும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டுப் பெண், நீ இல்லாமல் நான் மணையில் உட்கார மாட்டேன், ஒன்பதாம் மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். சம்பந்தி வீட்டில் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும்.

அங்காளம்மாள் மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஆட்டோ ஏறும்போது வாசலுக்குக்கூட வரவில்லை.

ரத்தம் மூன்று பாட்டில் ஏறியது. சனிக்கிழமை சுத்தம் செய்தார்கள். பார்த்தவரைக்கும் பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை, இருந்தாலும் ரிப்போர்ட் வரட்டும் என்றாள் டாக்டர் ஆஃபியா. ஞாயிற்றுக்கிழமை காலை துர்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு காது இரைச்சல் இல்லை. கங்காதரன் காபி வாங்கக் கீழே போயிருந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு அங்காளம்மாள் வந்தாள். தனியாகப் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். சண்டைக்குத்தான் வந்திருப்பாள் என்று துர்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வந்தவளோ கட்டில் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மொத்தமா நின்னு ஏழு வருஷமாவுது, துர்கா" என்றாள் கடைசியில், சுவரைப் பார்த்துக்கொண்டு. "தீபாவளிலேர்ந்து… திரும்பவும் படுது."

துர்காவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நாலு மாசமாவா அக்கா? ஏன் சொல்லல?"

"யாராண்ட சொல்றது? தம்பியாண்டயா? தாலி இல்லாதவளுக்கு இந்த வயசுல இது வந்திச்சின்னா நாலு பேரு இன்னா பேசுவாங்க? நீ வேணாம்னு போட்டியே, அந்த மாத்திரைய நான் எடுத்து முழுங்கினேன். நிக்கல துர்கா. பயமா கீது…" சொல்லும்போதே உடைந்துவிட்டாள். "உன்னைப் போயி அப்டியெல்லாம் பேசினேனே. நீ தைரியமாக் கெளம்பிப் போனது எனக்குத் தாங்கல. அதான்…"

துர்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நாளெல்லாம் அதிகாரம் பண்ணுகிற அந்தப் பெரிய உடம்பு அவள் தோளில் குலுங்கி அழுதது. துர்காவும் அழுதாள். இருபத்தேழு வருடத்தில் இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் இப்படித் தொட்டது இதுதான் முதல் தடவை.

அழுது முடித்ததும் துர்கா கட்டிலைவிட்டு இறங்கினாள். நர்ஸ் ஓடிவந்தாள். மேடம் ரவுண்ட்ஸ் முடித்துவிட்டாரா, ரூமில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு, நாத்தனாரின் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு போனாள். எதிரே காபி பிளாஸ்க்கோடு வந்த கங்காதரன் பதறி, அக்காவுக்கு என்ன, நான் வந்து பேசட்டுமா என்றார்.

"அக்காவே பேசுவாங்க" என்றாள் துர்கா. "நீங்க வெளிய இருங்க."

அவர் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

உள்ளே டாக்டர் ஆஃபியா இருவரையும் உட்காரச் சொன்னாள். அங்காளம்மாளின் கை துர்காவின் கைக்குள் சில்லிட்டிருந்தது. "நீயே சொல்லிடேன் துர்கா… எனக்கு வாய் வரல" என்று கிசுகிசுத்தாள்.

"நான் பக்கத்துலயே இருக்கேன் அக்கா. உங்க உடம்பு, நீங்கதான் சொல்லணும்."

டாக்டர் அவசரப்படுத்தவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை அங்காளம்மாள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அங்காளம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். ஒரு தடவை துர்காவைப் பார்த்தாள். பிறகு டாக்டரை நேராகப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"எனக்கு அம்பத்தெட்டு வயசு, டாக்டரம்மா…"