பால் நேரத்து மேசை

தம்பையா ஆசாரி அந்த மேசையைத் தன்னந்தனியா தலையில வெச்சுத் தூக்கிட்டு வந்தாரு. கொஸ்லந்தைக்கு மேல எங்க தேயிலைத் தோட்டம். மலையில பனி இன்னும் கலையல. பின்கதவைத் திறந்துவிட்டது நான்தான். புள்ளை பொறக்கலன்னு புருஷன் விட்டுட்டுப் போனதுல இருந்து எனக்கு பங்களா சமையக்கட்டுலதான் பொழைப்பு.

தோட்டத்துத் தொரையோட சம்சாரம் தொரசாணிக்கு ஒரு ஆசை. ஜப்பான் படத்துல இருக்கிற மாதிரி, தரையில உக்காந்து காப்பி குடிக்கக் குட்டை மேசை வேணுமாம். வீடு நெறைய நாற்காலி இருக்கு, அதெல்லாம் அந்தம்மாவுக்குப் பத்தல. கால் நாலும் உள்ளுக்கு வளைஞ்சிருக்கணும், ஆணியே தெரியக்கூடாது. ஆசாரியும் மரத்துக்குள்ள மரத்தைப் பூட்டி அப்படியே செஞ்சிருந்தாரு. அழகுன்னா அப்படி ஒரு அழகு. ஆனா மேல்பலகையில குறுக்கே ஒரு பள்ளம்.

"என்னாண்ணே, இதை இழைக்கலையா?"

"இழைச்சேன் ரெங்கம்மா. காலையில பாத்தா திரும்ப இருக்கு."

அவரு என் மொகத்தைப் பாக்கல. அப்பத்தான் அது எந்த மரம்னு எனக்குப் புரிஞ்சுச்சு.

கொழுந்தெடுக்கப் போற தாய்மாருங்க கைப்புள்ளைங்களை விட்டுட்டுப் போற பழைய புள்ளைக்காம்பராவை அந்த மாசம்தான் இடிச்சாங்க. தொட்டில் கட்டுற பலா விட்டத்தைத்தான் தொரசாணி மேசைக்குக் குடுத்திருக்கா. அந்தப் பள்ளம் தொட்டில் கயிறு தேச்ச பள்ளம். அந்தத் தொட்டில்லதான் ஆசாரியோட கைப்புள்ளை தனலெட்சுமி தூங்குவா. போன மழையில, கூடை நெறையாம போகக்கூடாதுன்னு கங்காணி அவ அம்மா பெரியாயியைப் பால் குடுக்க விடல. அவ மார்ல பால் கட்டி, ஓடி வந்து பாக்கையில புள்ளை அழுது அழுது மூச்சே அடங்கிருச்சு.

"பெரியாயி ஒண்ணும் சொல்லலையா?"

"அறுக்காதேன்னு கால்ல விழுந்தா. தொரை சொன்னா நான் என்னா பண்றது?"

மறுநாள் காலையில, தாய்மாருங்க புள்ளைக்குப் பால் குடுக்க வர்ற பால் நேரம். தொரை மலைக்குப் போயிட்டாரு, தொரசாணி பூந்தோட்டத்துல. காப்பித் தட்டை மேசையில வெச்சேன்.

கிரீச்... கிரீச்...

கயிறு மரத்துல தேயுற சத்தம்.

தட்டுல கோப்பை லேசா ஆடிச்சு. பச்சைப்புள்ளையோட பால் வாசம்.

எனக்குப் பயத்தைவிட, அந்தப் புள்ளையை நெனச்சு வயித்தெரிச்சல்தான் அதிகம். பெரியாயிகிட்ட சொன்னேன். அன்னையிலேர்ந்து பால் நேரத்துல அவ பின்கதவு வழியா வருவா. பள்ளத்துல கன்னத்தை வெச்சு முணுமுணுப்பா. சத்தம் மெல்லக் கொறைஞ்சு நிக்கும்.

"இப்பத்தான் வயிறு நெறைஞ்சுச்சு, தூங்கிட்டா" என்பா. நான் அடுப்பு முன்னால உக்காந்து அழுவேன்.

சர்க்கார் எங்க சனத்தோட ஓட்டுரிமையைப் பறிச்சதுக்கப்புறம் இங்க என்னா இருக்குன்னு, ஆசாரி பெரியாயியையும் கூட்டிட்டு இந்தியாவுக்குப் போக முடிவு பண்ணிட்டாரு. மேசையைக் குடுங்கன்னு பெரியாயி தொரசாணிகிட்ட கெஞ்சினா. அந்தம்மா சிரிச்சுட்டு உள்ள போயிட்டா. அப்புத்தளை ரயிலுக்குப் போற அன்னைக்கு பெரியாயி என் கையைப் புடிச்சா.

"பால் நேரத்துல அழுவாக்கா. ஒரு தடவை விட்டுட்டேன். மறுபடியும் எப்படி விட்டுட்டுப் போறது?"

"நான் பாத்துக்கறேன், போ தாயி."

அவ ரயில் ஏறணுமேன்னு சொன்னதுதான். எனக்கு என்னா தெரியும், புள்ளை வளக்க?

மறுநாள் சத்தம் நிக்கவே இல்ல.

கிரீச். கிரீச். கிரீச்.

ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்துச்சு.

"அம்மா போயிட்டா கண்ணு" என்றேன். பதிலுக்கு ஒரு விசும்பல்.

மண்டி போட்டு, அவ வெச்ச மாதிரியே பள்ளத்துல கன்னத்தை வெச்சேன். மரம் காய்ச்சல்காரப் புள்ளை நெத்தி மாதிரி சுட்டுச்சு. எனக்குத் தெரிஞ்ச தாலாட்டு ஒண்ணுமில்ல. சும்மா "ம்... ம்..." என்றேன்.

சத்தம் மெல்ல மெல்லக் கொறைஞ்சுச்சு.

நின்னுருச்சு.

எந்திரிக்கையில ரவிக்கை முன்பக்கம் நனைஞ்சிருந்துச்சு. காப்பிக்கு வெச்ச பாலைக் கொட்டிட்டேன் போலன்னு ஜக்கைப் பாத்தேன்.

பால் தளும்பத் தளும்ப, கட்டின ஏடு கலையாம அப்படியே இருந்துச்சு.