ஆறுதல் ஏட்டில் தூங்காத வரி

காலைப் பாராயணத்தில் யாரோ ஒருவருக்கு நெஞ்சு படபடத்தது. உடனே ஆறுதல் ஏட்டில் பதினோராம் பக்கம் மாறிவிட்டது. பழைய வாக்கியத்தின் பாதியை வாயில் வைத்துக்கொண்டு கூட்டம் திகைத்தது. பிறகு புதிய பாதியைச் சேர்த்துப் படித்து முடித்தது. இதெல்லாம் பழகிப்போன சங்கதி.

மௌனகிரி சுவாமிகள் ஓயாமல் பேசுபவர். அந்தப் பேச்சைச் சலித்து ஏடாகத் தொகுத்தவள் பதிப்பாசிரியை வடிவாம்பாள். திருத்துவது மட்டும் மனிதர் வேலையாக இல்லை. மணிக்கட்டில் நாடிக்காப்பு மாட்டினால்தான் ஏட்டின் மின்தாளில் எழுத்தே தெரியும். எந்த வரியில் வாசகரின் நாடி துள்ளுகிறதோ, அதை ஆசிரமத்துச் செப்பனிடு பொறி சாந்தமாக மாற்றி, எல்லாப் பிரதிகளிலும் அதே நொடியில் ஏற்றிவிடும். ‘மரணம்’ முதல் வாரமே போய்விட்டது. ‘பசி’ கொஞ்ச நாள் தாக்குப்பிடித்து, ‘உணவுக்கு முந்தைய நிலை’ ஆயிற்று.

வடிவாம்பாளுக்கு ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் கவலை. “நானும் இரவெல்லாம் தூக்கமில்லாமல்தான் புரளுகிறேன். பக்கத்தில் உட்கார்.” கணவன் இறந்த வருடம் சுவாமிகள் அவளிடம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பிழைத்தாள். ஆனால் ஏட்டில் ஏற்றினால் தங்காது. சாமியாருக்கே தூக்கமில்லை என்றால் எந்த நாடிதான் துள்ளாது?

நிர்வாகி செங்கல்வராயனிடம் போனாள்.

“இந்த ஒரு வரியை மட்டும் பொறி தொடாம பூட்டி வையுங்க சார்.”

“நல்லா இருக்கே! நாளைக்கு ஆளாளுக்கு ஒரு பூட்டோட வந்து நிப்பாங்கம்மா. அதுவும் சாமிக்கே தூக்கமில்லைன்னு போட்டா, ஆசிரமத்துத் தலையணையை எவன் வாங்குவான்?”

அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வேப்பமரத்தடியில் ஒரு பக்தர் ஏட்டை மார்பில் கவிழ்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய காப்பு பச்சையாக ஒளிர்ந்தது. தூங்குகிறவனின் நாடி துள்ளாது; அவன் அடுத்த பக்கம் போகவும் மாட்டான்.

வடிவாம்பாள் திரும்பி ஓடினாள். “சார், ஏட்டுக்கு வாழ்த்துரையே இல்லையே! முதல் உரை நீங்கதான் தரணும்.”

செங்கல்வராயனுக்குக் குரல் தழுதழுத்தது. “நானா? சுருக்கமா ஒரு நாப்பது பக்கம் போதுமாம்மா?”

அவரைத் தொடர்ந்து அவருடைய சம்பந்தி வாழ்த்தினார். ஓய்வுபெற்ற துணைவேந்தர் வாழ்த்தினார். தலையணை ஆலை அதிபர் இரண்டு முறை வாழ்த்தினார். இத்தனைக்கும் பின்னால் வடிவாம்பாள் தன் வரியை வைத்தாள்.

வாசகர்கள் சம்பந்தியைத் தாண்டவில்லை. பேருந்துகளில் சாய்ந்தார்கள், நீதிமன்றங்களில் சாய்ந்தார்கள், ஒரு மாப்பிள்ளை மணமேடையிலேயே சாய்ந்தார். பொறி வரலாறு காணாத சாந்தத்தைப் பதிவு செய்தது. அந்த வரியை எதுவும் தொடவில்லை. யாரும் அங்கே போய்ச் சேரவுமில்லை.

வடிவாம்பாளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வரி இருக்கிறதா, போய்விட்டதா? சாப்பிட உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் உட்கார்ந்தாள். ஒரு மத்தியானம் தாங்கமாட்டாமல் காப்பை மாட்டிக்கொண்டு, வாழ்த்துரைகளை மடமடவென்று தள்ளினாள்.

இருந்தது. எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது. சந்தோஷத்தில் அவள் நாடி துள்ளிக் குதித்தது.

சந்தோஷத் துள்ளல், பதற்றத் துள்ளல் என்றெல்லாம் பொறி பார்ப்பதில்லை. அவள் கண்ணெதிரிலேயே வரி கலைந்து வேறாகக் கூடியது: “நான் இரவெல்லாம் நன்றாக உறங்குகிறேன். நீயும் போய்ப் படு.”

அழுதபடி சுவாமிகளிடம் ஏட்டை நீட்டினாள். “நானே கெடுத்துட்டேன் சாமி.”

அவர் காப்பை மாட்டிக்கொண்டு, சிவந்த கண்களைக் கசக்கி வாசித்தார்.

“நான் தூங்கறேன்னு போட்டிருக்கே வடிவு.”

“ஆமா சாமி.”

“ஏடு பொய் சொல்லாதுன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறது நான்தானே?”

“ஆமா சாமி.”

“அப்போ ராத்திரி பூரா என் பாய்ல புரண்டுக்கிட்டு இருக்கறது யாரு?”

கேட்டுவிட்டு அவரே மிரண்டுபோனார். நாடி எகிறியது, காப்பு சிவந்தது. ஏட்டில் அந்த வரியிலிருந்த ‘நான்’ மெல்ல மறைந்தது.