பேசாமடந்தையின் முகம்

ஈ உட்கார்ந்தது பலகையின் மேல். ஊர்ந்தது ஹெஸ்டரின் கன்னத்தில்.

அவள் கன்னத்தைத் தட்டிவிட்டாள். கையில் எதுவும் படவில்லை. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, மாலை திறக்கும்வரை பூட்டிக் கிடந்த பப்பில், சிந்திய பீரும் அணைந்த கணப்பின் சாம்பலும் பெயின்ட் எண்ணெயும் கலந்த வாசனை தேங்கி நின்றது. வெளியே, பெயர்ப்பலகையைக் கழற்றிய வெற்று இரும்புக் கம்பி அக்டோபர் காற்றில் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு முக்காலிகளின் மேல் மல்லாந்து கிடந்தாள் பலகைப் பெண். நீல கவுன், கோத்த கைகள். ஊரில் யாருக்கும் நினைவு தெரிந்த நாளிலிருந்து நேற்றுவரை கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லாதவள். தலை இல்லாததால் பேசாமடந்தை. பப்பின் பெயரும் அதுதான்.

கட்டிடத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனியின் மேனேஜர் வந்து, பெயரை மாற்றப்போவதாகச் சொன்னார். தலையில்லாத பெண்ணைப் பார்த்தால் குழந்தைகளோடு வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்களாம். 'தாமிர நரி' என்று பிளாஸ்டிக் போர்டு ஒன்று தயாராக இருந்ததாம். ஹெஸ்டர் கத்தித் தீர்த்தாள். அந்த பப்பின் மாடியில் பிறந்து, வசந்தத்துக்கு வசந்தம் ஏணி போட்டு அந்தப் பலகையைத் துடைத்தவள் அவள். கடைசியில் மேனேஜர் இறங்கி வந்தார்: பெயர் இருக்கட்டும், ஆனால் படத்துக்கு ஒரு தலை வேண்டும். அவள் கணவன் க்ளைவ் குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"இவ தலையையே வச்சிடலாம். அப்புறம் பேசாமடந்தைன்னு எவன் நம்புவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணமான நாள் முதல் கேட்கும் அதே சிரிப்பு. அந்தக் கோபத்தோடுதான் பாருக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே பலகையில் வரைந்தாள். இறுகிய உதடுகள். முறைக்கும் கண்கள். காலையில் அதைப் போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பியும் விட்டாள்.

ஈயை மறக்க முயன்றபடி சமையலறைக்குப் போய் உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தாள். குழாய் சொட்டியது. கம்பி கிறீச்சிட்டது. பாரில் க்ளைவின் பூட்ஸ் சத்தம். ஏதோ மூடியைத் திருகும் சத்தம்.

சில்லென்று உதட்டில் ஏதோ பட்டது. ஈரத்துணி போல.

நாக்கில் டர்பன்டைன் கசந்தது. துப்பப் போனாள். முடியவில்லை.

விரலால் தடவினாள். மூக்குக்குக் கீழே வழவழப்பு. மோவாய் வரை.

ஓடினாள்.

பார் கண்ணாடியில் அவள் முகம். வாய் இருந்த இடத்தில் வெறும் தோல். கவுண்டருக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டியபடி பலகைமேல் குனிந்திருந்தான் க்ளைவ். கையில் துணி.

"மேனேஜர் போன் பண்ணார். மூஞ்சி ரொம்ப முறைக்குதாம், சிரிச்ச மாதிரி போடச் சொல்றார். கோச்சுக்காத கண்ணு. வாயைத் துடைச்சாச்சு. கண்ணும் நல்லால்ல."

கத்தினாள். தொண்டைக்குள்ளேயே முட்டி நின்றது. கவுண்டரை ஓங்கி அறைந்தாள். கிளாஸ்கள் அதிர்ந்தன.

அவன் திரும்பவில்லை.

"உடை, உடை. ஆனா பாரேன், இன்னிக்குத்தான் திட்டாம இருக்க."

துணி நகர்ந்தது.

பாதி அறை இருண்டது. மீதிப் பாதியில், அவன் முதுகு சிரிப்பில் குலுங்கியது. துணியின் அழுக்குப் பக்கத்தை உள்ளே மடித்து, டர்பன்டைனில் நனைத்து, நிதானமாகப் பிழிந்தான்.